பாதி வழியில் நின்ற மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் மெத்தைக் கடைக்காரர். என்னைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் தொலைந்துபோயிருந்தார், அதுவும் தன் கையாலேயே வரைந்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு.

அவர் போய் இது இரண்டாவது கோடை. இன்னும் யாராவது துக்கம் விசாரிக்க வந்து, எவ்வளவு நிதானமான மனிதர் என்கிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் முள் கிழித்த புதுச் சட்டையோடு சரிவில் உருண்டு வந்த ஓர் ஆள் கண்முன் வந்து நிற்கிறார். சிரிப்பை அடக்க உள்ளே போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை முறைதான் தண்ணீர் குடிப்பது? எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர் வரைபவர், நான் சரிபார்ப்பவள். நீளமான மேசைகள், சாய்ந்த விளக்குகள், யாரும் சத்தமாகத் தும்மக்கூட முடியாத ஒரு கூடம். தும்மினால் யாரோ ஒருவருடைய ஆறு வளைந்துவிடும். அவர் மலைகளின் சம உயரக் கோடுகளை வரைவார். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகும் பழுப்புக் கோடுகள். கோடுகள் விலகி நின்றால் ஏற்றம் மெதுவானது, நெருங்கி நின்றால் மூச்சு வாங்கும். ஒல்லியான ஆள், ஓரிடத்தில் நிற்கமாட்டார், எந்த அறைக்குள் போனாலும் வடக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பார். அதனால் அவருக்கு ஊசி என்று பெயர். நான் படத்தில் பிழை கண்டால் சிவப்பில் சுழிப்பேன். அதனால் நான் சிவப்பு மை. ஊசியும் சிவப்பு மையும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். அன்று ஓர் ஏரி முழுதாகப் பாழானது.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஊசி வருஷத்தில் பாதி நாள் நில அளவைக் குழுவோடு மலை மலையாகத் திரிபவர். அம்மாவுக்கு நகராத மாப்பிள்ளை வேண்டும். எங்கள் தெருமுனை மெத்தைக் கடைக்காரர் அப்படிப்பட்டவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர் கடையில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

"பேப்பர்ல வழி பாக்குறவனுக்கு வீட்டு வழி எப்படிடி தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்குத்தானேம்மா வரைபடம்."

"மெத்தைக்காரருக்கு வரைபடமே வேண்டாம். எழுந்தாத்தானே தொலைய முடியும்!"

கடைசியில் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. ஊசியின் குழு கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் கிளம்புகிறது. திரும்ப ஆறு மாதமாகும். "சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல வந்து கையெழுத்துப் போடட்டும். அன்னிக்குத் தவறிட்டா ஆறு மாசம் காத்திருக்கிற கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். நான் மெத்தைக்காரர்கிட்டப் பேசிடுவேன்." அவள் சொன்னால் செய்கிறவள். மெத்தைக்காரரையும் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டாள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஊசிதான். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் உச்சியில் இருந்த பழைய பயணியர் விடுதி. அளவை வேலைக்காக மறுபக்கச் சரிவு வழியாக அங்கே ஏறியிருக்கிறார். நாலு பக்கமும் தெரியும் இடத்தில்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். பதிவாளரும் அங்கேயே வந்து பதிந்துகொள்ளச் சம்மதித்தார். அழைப்பிதழ் என் பொறுப்பு என்று ஊசி சொல்லிவிட்டு, எனக்குக் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்து, எல்லோருக்கும் அனுப்பியும்விட்டார்.

"ஒரு தடவை பாத்துக் குடுக்கிறேனே," என்று அச்சுக்குப் போகும் முன்பே கேட்டிருந்தேன்.

"நீ பாத்தா சுழிப்பே. கல்யாணத்துலயாவது எனக்குப் பிழை இல்லாம இருக்கட்டும்."

அந்த நாள் காலையில் நான், அம்மா, உறவினர்கள் ஒரு வேனில் போய்ச் சேர்ந்தோம். ஓட்டுநர் ரயில் நிலையத்தின் எதிரே ஒரு சைக்கிள் கடையில் வழி கேட்டார். கடைக்காரர் சக்கரத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போனோம், விடுதி வந்துவிட்டது. மெத்தைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து, அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா," என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பதிவாளரும் வந்தார். தொப்பையும் துண்டில் சுற்றிய பெரிய பதிவேடுமாக இருந்த அவர், உட்காரும்போதே, "பன்னெண்டு மணிக்கு அடுத்த ஊர்ல இன்னொரு ஜோடி காத்துக்கிட்டிருக்கும்மா," என்றார். சரி என்றேன். ஊசி, எங்கள் அலுவலகத்துக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்து வருவதாகத் திட்டம். ரயில் வந்துபோன சத்தமும் கேட்டது. ஆள் வரவில்லை. காபி ஆறியது, மறுபடி சூடாக்கினார்கள், மறுபடி ஆறியது. பதிவாளர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிசுகிசுக்க ஆரம்பித்தன. அம்மா மெத்தைக்காரருக்கு இரண்டாவது காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அந்த அட்டையைக் கொஞ்சம் குடுங்க," என்று மெத்தைக்காரரின் விசிறியைப் பிடுங்கினேன்.

அப்போதுதான் என் கல்யாண அழைப்பிதழை முதன்முதலாகப் பார்த்தேன். அட்டை முழுக்க வரைபடம். சாலை, ஓடை, குன்றுகள், கட்டக் கோடுகள், மேலே வடக்கைக் காட்டும் அம்பு, ஓரத்தில் குறிகளுக்கு விளக்கம். புள்ளிக்கோடு ஒற்றையடிப் பாதை, இரட்டைக் கோடு வண்டிப் பாதை, சீப்புப் பல் மாதிரி இருப்பது செங்குத்துப் பாறை, சிவப்பு வட்டம் கல்யாணம். எங்கள் பெயர்களைத் தேட வேண்டியிருந்தது. பாறைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தன. பிரமாதமான படம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் கை பழக்கத்தை விடுமா? என் கண் நேராகக் கட்டத்துக்குப் போனது. எங்கள் படங்களில் கட்டக் கோடுகள் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று ஓடும். கீழே அவர் கையெழுத்தில் 'ஒரு சென்டிமீட்டர் = 250 மீட்டர்' என்று இருந்தது. அப்படியென்றால் ஒரு கட்டம் நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். விரலுக்குள் கட்டம் அடங்கிவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம்.

படத்தை யாரோ பாதியாகச் சுருக்கியிருந்தார்கள். அட்டை உறைக்குள் போகவில்லை, அதனால் அச்சகத்துக்காரர் சுருக்கினார் என்று பிறகு தெரிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படம் சுருங்கினால் சாலையும் குன்றும் சேர்ந்து சுருங்கும், ஆனால் 250 என்று எழுதிய எண் 250 ஆகவே இருக்கும். அதற்குத்தான் அளவை எண்ணாக எழுதுவதோடு ஒரு சின்னக் கோடாகவும் வரைந்து வைப்பார்கள். கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கிக்கொள்ளும். அந்தக் கோட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் ஊசி இரண்டு பறவைகளை வரைந்திருந்தார்.

சாதாரண ஜனங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் சைக்கிள் கடையில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால் எங்கள் அலுவலகத்தார்? வரைபடக்காரன் வழி கேட்பதாவது! எங்கள் அதிகாரி ஒருவர் உண்டு, எஃகு ஸ்கேல் இல்லாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டார். நிலையத்திலிருந்து வலப்பக்கம் திரும்பும் இடம் வரைக்கும் அட்டையில் அளந்திருப்பார், 250-ஆல் பெருக்கியிருப்பார், சரியாகப் பாதி தூரத்தில் எல்லோரையும் வலப்பக்கம் திருப்பியிருப்பார். அதற்குப் பிறகும் பாதி தூரம். அப்படியானால் அவர்கள் நிற்கும் இடம், நிலையத்துக்கும் விடுதிக்கும் நேர்கோடு போட்டால் அதன் சரி நடுவில்.

அட்டையில் விரலை வைத்தேன். அங்கே ஒரு சின்னக் கோட்டு வளையம். சின்னக் குன்று.

மொட்டை மாடிக்கு ஓடினேன். தெற்கே, ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பம்ப் கொட்டகையைச் சுமந்துகொண்டு ஒரு மொட்டைக் குன்று. அதன்மேல் புதுத்துணி போட்ட ஒரு கூட்டம், கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அம்மா! அதோ நிக்கிறாரு!"

அம்மா மூச்சிரைக்க ஏறி வந்து, கண்மேல் கை வைத்துப் பார்த்தாள். "அங்க என்னடி பண்றாங்க?"

"கல்யாண மண்டபத்தைத் தேடுறாங்க."

"அந்தக் கொட்டகைக்குள்ளயா?"

ஆமாம், அதற்குள்ளேதான். பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். போகும் வழியில் படத்தில் இருந்த குளத்தைக் காணோம், 'வத்திப் போயிருக்கும்' என்றாராம் அதிகாரி. பாலத்துக்குப் பதில் ஒரு குழாய், 'இதைத்தான் பாலம்னு போட்டிருக்கே, பரவாயில்லை' என்றாராம். ஊசிக்குக் கால் சந்தேகப்பட்டிருக்கிறது. "சார், இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கணும்னு தோணுது."

"நீ போட்ட அளவை நீயே நம்பலைன்னா யாருய்யா நம்புவான்?" என்றாராம் அதிகாரி.

அதற்கு மேல் எந்த வரைபடக்காரனால் பேச முடியும்? கொட்டகைக் கதவைத் தட்டி, "பொண்ணு வீட்டுக்காரங்க இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தது மோட்டார்.

கூப்பிட்டால் கேட்கிற தூரமில்லை. அறையில் முகச்சவரக் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கியது. பிடுங்கி வந்து வெயிலைப் பிடித்தேன். தொலைவில் இருக்கும் ஆளுக்கு அளவைக்காரர்கள் இப்படித்தான் காட்டுவார்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் குன்று முழுக்கத் தடவினேன். கொட்டகைச் சுவர், ஒரு மரம், யாரோ ஒருவர் வழுக்கை. திடீரென்று அங்கிருந்து பளிச்சென்று ஒரு பதில் வெட்டு! இன்னொன்று! அதிகாரியின் எஃகு ஸ்கேல்!

நான் மாடியில் குதித்த குதியில் கீழே காரை பெயர்ந்து காபி அண்டாவில் விழுந்தது.

கீழே இறங்கி வந்தால் பதிவாளர் பதிவேட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கம்மா. சாலையைச் சுத்தி அவங்க வர்றதுக்குள்ள அங்க ஒரு ஜோடி அழுதுடும்."

"சார், அவங்க சாலை வழியா வரமாட்டாங்க. அவரை எனக்குத் தெரியும். திசைகாட்டியை வெச்சுக்கிட்டு என்னை நோக்கி நேரா இறங்குவாரு. நாமும் நேரா இறங்கினா நடுவுல ஓடையில பிடிச்சுடலாம்." அட்டையை அவர் மூக்கின் கீழே நீட்டினேன். "இதோ பாருங்க, இரட்டைக் கோடு. ஓடைக்குக் குறுக்கே வண்டிப் பாதை. உங்க ஜீப்பை அங்க வரச் சொல்லுங்க. கையெழுத்து வாங்கிட்டு அப்படியே நீங்க அடுத்த ஊருக்குப் போயிடலாம்."

பதிவாளர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் படத்தை நம்பித்தானேம்மா அவங்க அங்க நிக்கிறாங்க?"

நல்ல கேள்வி. "படம் சரி சார். அளவுதான் தப்பு. ரெண்டால பெருக்கினாப் போதும்," என்றேன்.

எழுந்தவர் மெத்தைக்காரர். "வாங்க சார், போயிடலாம். நானும் இவ்வளவு நாளா உக்காந்தே இருந்துட்டேன்." சொல்லிவிட்டுப் பதிவேட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

கல்யாண வீடே இறங்கியது. நான் முன்னால். என்னிடம் திசைகாட்டி இல்லை. பம்ப் கொட்டகையின் புகைபோக்கியையும், அதற்கு நேர் முன்னால் சரிவில் நின்ற ஒற்றை மரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டும் விலகாமல் இருக்கும்வரை நான் நேர்கோட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம். எதிர்ச் சரிவில் வண்ணப் புள்ளிகள் சிந்திக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, பத்தடி ஓடும், நிற்கும், குனிந்து கையைப் பார்க்கும், மறுபடி ஓடும். நான் கண்ணுக்கு எதிரே கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் என்னை விட்டுவிட்டுத் திசைகாட்டியைப் பார்க்கிறார்!

"சார், இந்தப் பக்கம் கோடுகள் ரொம்ப நெருக்கம், பாத்து!" என்று பின்னால் கத்தினேன்.

"எந்தக் கோடும்மா? எனக்கு முள்ளுதான் தெரியுது!" என்றார் பதிவாளர். அடுத்த கணம் கோடுகளின் நெருக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே என்னைத் தாண்டிப் போனார். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயோ ஐயோ ஐயோ" என்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டு வந்தாள். ஆனால் நிற்கவில்லை. நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பள்ளத்தில் இறங்கியதும் எல்லாம் மறைந்துவிட்டது. ஆளுயரப் புதர். கொட்டகையும் இல்லை, மரமும் இல்லை. கண்ணால் பார்த்து வந்த எனக்கு இனிப் பிடிக்க ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்கள் என்மேல் மோதி நின்றார்கள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பின் ஹாரன் எங்கேயோ கேட்டது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

"இப்ப என்னடி?" என்றாள் அம்மா. அந்தக் குரலில் மெத்தைக்காரரைப் பற்றிய யோசனை எதுவும் இல்லை. "அவரு எப்படிடி நம்மளைக் கண்டுபிடிப்பாரு?"

அம்மாவின் வாயில் அதுவரை 'அந்தப் பையன்' ஆக இருந்தவர் முதன்முதலாக 'அவரு' ஆனதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. "நாம நகரக் கூடாதும்மா. நாம கோட்டு மேல நிக்கிறோம். அவரு கோட்டை விடமாட்டாரு."

நின்றோம். ஒரு குருவி, ஒரு ஹாரன். பிறகு புதருக்குள் யாரோ தனக்குத்தானே பேசிக்கொண்டு வரும் சத்தம்: "வடக்கு, கொஞ்சம் கிழக்கு... வடக்கு, கொஞ்சம் கிழக்கு..."

முட்செடி விலகியது. முதலில் திசைகாட்டி வந்தது, பிறகு கை, பிறகு பாதிச் சட்டை. குனிந்தபடியே வந்து என் தோளில் முட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மண்.

"சரியா வந்திருக்கேன்," என்றார், ஆச்சரியத்தோடு.

"அளவைக் கோடு எங்கே?" என்றேன் நான்.

"எந்தக் கோடு?"

"அந்தப் பறவைங்களுக்குப் பதிலா இருந்திருக்க வேண்டியது."

என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கட்டை விரலைக் கட்டத்தின் மேல் வைத்தார். முகத்தில் விடிந்ததே ஒரு சந்தோஷம்! தன் பிழையைக் கண்டு அத்தனை பரவசப்பட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "பாதி!" என்று கத்தினார். "சார், பாதி! நாம பாதியிலயே நின்னுட்டோம்!"

அதிகாரி புதரிலிருந்து ஸ்கேலோடு வெளிப்பட்டார். "கட்டம் கண்ணுக்கு எதிரேயே இருந்துச்சே சார்," என்றேன். "நான் சாலையைத்தானேம்மா அளந்தேன்," என்றார் அவர், பெரிய குழந்தை மாதிரி.

"பேசினது போதும், உக்காருங்க!" என்றார் பதிவாளர். மெத்தைக்காரர் குனிந்து முதுகைக் கொடுத்தார். அந்த முதுகின்மேல் பதிவேட்டை விரித்தோம். மேசையாகக் கிடைத்தவரையே சாட்சியாகவும் எழுதிக்கொண்டார்கள். பெயர், வயது எல்லாம் முடிந்து பேனா நின்றது.

"இடம்?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். காய்ந்த ஓடை, புதர், வெயில். "விடுதின்னு போடுங்களேன்," என்றாள் அம்மா.

"விடுதி அங்க மேல இருக்கு. நடக்காத இடத்தை எழுத எனக்கு அதிகாரமில்லை. இந்த இடத்துக்கு ஒரு பேர் சொல்லுங்க."

"பேர் எதுக்கு? கட்டக் குறிப்பு இருக்கே!" என்று ஊசியும் அதிகாரியும் ஒரே குரலில் சொன்னார்கள். கிழக்கே எத்தனை என்று மூன்று எண், வடக்கே எத்தனை என்று மூன்று எண்; கடைசி எண்ணில் ஒன்று மாறினால் நூறு மீட்டர் தள்ளிப்போகும். பூமியில் எந்த இடத்துக்கும் பெயர் இல்லாமல் வழி சொல்லிவிடலாம். அதிகாரி அட்டையில் ஸ்கேலை வைத்தார், இந்தமுறை இரண்டால் பெருக்கினார். "கிழக்கே நாலு, ஆறு, மூணு."

"மூணு இல்ல சார், ரெண்டு," என்றார் ஊசி.

"மூணுய்யா. ஓடையோட வளைவைப் பாரு."

"வளைவுக்கு இந்தப் பக்கம் சார் நாம."

"ஏம்ப்பா," என்று முதுகுக்குக் கீழேயிருந்து மெத்தைக்காரர் முனகினார், "எனக்கு இடுப்பு போகுது."

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தாள். கையில் இன்னும் செருப்பு. "மாப்பிள்ளை சொல்றதைப் போடுங்க சார்!" என்று அதட்டினாள். "இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவருக்கு நிக்கிற இடம் தெரியாதா?"

'இரண்டு' என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டோம். ஜீப்பின் ஹாரனைப் பிடித்துக்கொண்டு பதிவாளர் ஓடினார், அந்த இன்னொரு ஜோடிக்கு எங்கள் வாழ்த்தையும் சுமந்துகொண்டு. மறுநாள் விடியற்காலையில் ஊசி மலைக்குப் போனார், என் கணவராக.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், பெட்டியை இறக்கிவைக்கும் முன்னாலேயே கருவிகளோடு அந்த ஓடைக்குப் போய் அளந்திருக்கிறார். வாசலில் நின்று, உள்ளே வராமல், சிரிப்பு தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டார். "மூணுதான்! அதிகாரி சொன்னதுதான் சரி! சட்டப்படி நமக்குக் கல்யாணம் ஆனது நூறு மீட்டர் மேற்கே. அங்க என்ன இருக்கு தெரியுமா? ஆட்டுப்பட்டி!"

அம்மா சமையலறையிலிருந்து, "வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சாச்சுல்ல? உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றாள். அந்தப் பதிவைத் திருத்த அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த பெண்ணிடம்கூட, பேசமுடிந்த கடைசி வாரத்தில், ஆட்டுப்பட்டியில் கல்யாணம் செய்துகொண்டவன் நான் என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்தார்.

போன மாதம் மகள் என்னைக் காரில் அங்கே கூட்டிப் போனாள். ஓடையில் இறங்கி, நாங்கள் முட்டிக்கொண்ட இடத்தில் நின்றேன். "இங்கதானாம்மா?" என்றாள்.

"இங்கதான் நின்னோம். கல்யாணம் அங்க," என்று மேற்கே கையைக் காட்டினேன்.

பட்டி இன்னும் இருந்தது. முள்வேலி, தண்ணீர்த் தொட்டி, வெயிலில் படுத்த ஆடுகள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நடுவில் நின்று, வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். ஓர் ஆடு வந்து என் முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. வேலிக்கு வெளியே மகள் போனை நீட்டிக்கொண்டு, "அம்மா, சிரிக்காம நில்லு, படம் ஆடுது!" என்று கத்தினாள். என்னால் முடியவில்லை.